குதிரை ஏற ஒரு ஜோடி ஷூ

எனக்கு எந்த ஆசை வந்தாலும் அது முதலில் ஒரு பார்சலாகத்தான் வீட்டு வாசலுக்கு வரும். கிடார் கற்க ஆசைப்பட்டபோது கிடாருக்கு முன்பே அதை நிறுத்தி வைக்கும் ஸ்டாண்டு வந்தது. ஸ்கேட்டிங் ஆசை வந்த மாதத்தில் முழங்கால் கவசம், முழங்கைக் கவசம், மணிக்கட்டுப் பட்டை எல்லாம் வந்தன. பருத்திப்பட்டு ஏரிக்கரையில் மூன்று நாள் உருண்டதோடு அந்த ஆசை பரண் ஏறிவிட்டது. ஆகவே போன வருடம் ஒரு மாலை, ஆவடியில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு, குதிரை ஏறக் கற்றுக்கொள்கிறேன் என்று நான் அறிவித்தபோது அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இதுக்கு என்ன பார்சல் வரும்? குதிரையா?" என்றாள், நறுக்கும் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே.

"சேர்ந்தாச்சும்மா. ஒரு கிளாஸ் போயிட்டும் வந்துட்டேன்."

கத்தி நின்றது. "ஏட்டி, கிறுக்கு பிடிச்சிருக்கா ஒனக்கு? கையி காலு ஒடிஞ்சா யாரு பாக்கது? ஏங்க, இங்க வாங்க, ஒங்க மக என்ன சொல்லுதான்னு கேளுங்க!"

அப்பாவைக் கூப்பிட்டதும்தான் எனக்குப் பயம் வந்தது. அம்மாவின் மறுப்பு சத்தமாக வரும், இரண்டு நாளில் போய்விடும். அப்பாவின் மறுப்புக்குச் சத்தமே இருக்காது; போகவும் போகாது.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் எது விழும், எது சுற்றும், எது சுடும் என்றுதான் அவர் கண் முதலில் தேடும். கல்யாண வீட்டில்கூட சீரியல் லைட் ஒயர் எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் பந்தியில் உட்காருவார். அவர் என்னிடம் குதிரை எதற்கு என்று கேட்கவில்லை.

"தலைக்கு என்ன?" என்றார்.

"ஹெல்மெட் இருக்குப்பா."

"காலுக்கு?"

"ஷூ இருக்கு."

இரண்டும் அரை உண்மை. முதல் வகுப்புக்கு நான் போன கோலத்தை அவர் பார்த்திருந்தால் அன்றே கதை முடிந்திருக்கும்.

செம்பரம்பாக்கம் ஏரியைத் தாண்டி உள்ளே திரும்பும் ஒரு சாலையில், இரண்டு பெரிய கிடங்குகளுக்கு நடுவே அந்த லாயம் இருக்கிறது. நான்கு குதிரைகள், மணல் கொட்டிய ஒரு வட்ட மைதானம், சுற்றிலும் மரக்கட்டை வேலி. பயிற்சியாளருக்கு என்னைவிடப் பத்து வயதுதான் கூட இருக்கும். நான் ஸ்கூட்டரிலிருந்து இறங்கி, முகத்தை முழுக்க மூடும் பைக் ஹெல்மெட்டைக் கழற்றாமலே, குர்தாவும் துப்பட்டாவும் ஓடுகிற ஷூவுமாக அவர் முன்னால் போய் நின்றேன். ஸ்கேட்டிங் கவசங்களையும் விடவில்லை, பரணிலிருந்து இறக்கி மாட்டியிருந்தேன்.

"இன்னாமா இது, குதிர ஏற வந்தியா, ராக்கெட்டு உட வந்தியா?"

"சேஃப்டிக்கு அண்ணா."

"சேஃப்டியா? காத மூடிகினு கீற, நான் கத்துனா எப்டி கேக்கும்? அவ்ளோ வெயிட்ட தலையில வெச்சிகினு வுழுந்தா கழுத்து இன்னாத்துக்கு ஆவும்? அத்த கயட்டு மொதல்ல. துப்பட்டா வாணாம், சேணத்துல மாட்டும். கைல இன்னா வளையலா? அதும் வாணாம்."

ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றி நான் பாதியானேன். கடைசியாக அவர் பார்வை ஷூவில் நின்றது. குனிந்து, அதன் பின்புறத்தைத் தட்டினார். குதிகால் என்று தனியாக எதுவும் இல்லாமல் முன்னும் பின்னும் ஒரே சமமாக இருந்தது.

"இதான் டேஞ்சர். ஸ்டிரப்ல கால் வெப்பல்ல," என்று சேணத்திலிருந்து தொங்கிய இரும்பு வளையத்தைக் காட்டினார், "இந்த ஷூ வழுக்கிகினு அந்தாண்ட பூடும். குதிரைலேந்து வுழறது தப்பில்லமா. எல்லாரும்தான் வுழறோம். வுழுந்தா காலு குதிரைய வுட்டு வந்துடணும். வரலன்னா அது உன்ன இஸ்துகினு போவும்."

அன்று வளையத்தில் கால் வைக்கவே விடவில்லை. ஓர் இரவல் தொப்பியை மாட்டிவிட்டு, குதிரையைக் கையில் பிடித்து நடத்தினார். என் இரண்டு கால்களும் பையிலிருந்து தொங்கும் முருங்கைக்காய் மாதிரி ஆடின. பழுப்பு நிறப் பெண் குதிரை அது. அதன் தோள் அசைந்தபோது எனக்குக் கீழே ஒரு முழு நிலமும் அசைவதுபோல் இருந்தது. எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது. குதிரை இழுத்துக்கொண்டு போகும் அந்த 'இஸ்துகினு' மட்டும் வீடு வரை கூடவே வந்தது.

சமையலறையில் எதிரே நின்ற அப்பாவிடம் இதில் எதையும் சொல்லவில்லை.

"அடுத்த ஞாயித்துக்கிழம ஆராதனை முடிஞ்சதும் நானும் வந்து பாக்கேன். ஒரு குறை என் கண்ணுல பட்டுச்சுன்னா அன்னையோட சரி. அதுக்கு மேல பேச்சு கிடையாது."

அந்த வாரம் முழுக்க நான் கணினி முன்னால் உட்கார்ந்து வேலை பார்த்தேன் என்று அலுவலகத்தில் நம்பினார்கள். நான் பார்த்ததெல்லாம் மனிதர்கள் குதிரையிலிருந்து விழும் வீடியோக்கள். தலை முதலில், தோள் முதலில், இடுப்பு முதலில். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, கால் சிக்கிய ஒருவரின் வீடியோவை நிறுத்தி நிறுத்தி ஓடவிட்டேன். பக்கத்து மேசைத் தோழி, "இதப் பாத்துட்டும் போறியா நீ?" என்றாள். போகிறேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதுதான் கூடுதலாகப் பயமுறுத்தியது.

குதிரை ஏற்றத்துக்கென்றே உள்ள ஹெல்மெட் புதன்கிழமை வந்தது. தலையில் வைத்தால் கோயில் கலசம் மாதிரி உச்சியில் நின்றது. தலை அளவைச் சரியாக எடுத்துத்தான் வாங்கியிருந்தேன். கண்ணாடி முன்னால் வெகு நேரம் திண்டாடிய பிறகுதான் தெரிந்தது, குற்றவாளி என் கொண்டை. அதற்குள் ஒரு பிளாஸ்டிக் கிளிப் வேறு. விழுந்தால் அந்தக் கிளிப்பின் பற்கள் எங்கே இறங்கும் என்று நினைத்ததும் அதைப் பிடுங்கி மேசையில் போட்டேன். முடியைக் கழுத்தோடு தாழ்த்தி இரட்டைப் பின்னலாகப் போட்டேன். இப்போது ஹெல்மெட் நெற்றிக்கு இறங்கியது. பட்டையைப் போடாமலே தலையை ஆட்டினால், புருவமும் சேர்ந்து நகர்ந்தது. அப்படி நகர்ந்தால் அளவு சரி என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். ஜீன்ஸின் உள்தையல் முதல் நாளே தொடையைத் தோலுரித்திருந்ததால், உள்பக்கம் தையல் இல்லாத இறுக்கமான பேன்ட் ஒன்று. முழுக்கைச் சட்டை, பேன்ட்டுக்குள் செருகியது. கம்மல் பொட்டு மாதிரி. மோதிரம் கிடையாது. அப்பா சுற்றி வந்து பார்த்தார். சட்டை மணிக்கட்டில் பிடித்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். ஒரு குறையும் கிடைக்கவில்லை.

"ஷூ எங்க?"

"குதிகால் வெச்சது வேணுமாம்ப்பா. நாளைக்கு வாங்கணும்."

"நீ வாங்காத. நான் கொண்டாரேன்."

வியாழக்கிழமை அவர் கையில் ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே அவர் ஷாப்பில் தரும் புத்தம்புதிய சேஃப்டி ஷூ. கறுப்பு, கனம், கணுக்காலைச் சுற்றி மெத்தை, அடியில் ஆழமான பள்ளங்கள். பின்னால் குதிகாலும் இருந்தது. பெண்கள் அளவு ஸ்டோரில் இல்லையாம். இரண்டு சாக்ஸ் போட்டால் சரியாக இருக்கும் என்றார். என்னிடம் தருவதற்கு முன் அதைத் தரையில் வைத்து, முன்பக்கத்தில் சுத்தியலால் ஓங்கி ஓர் அடி.

"கீழ் வீட்டுக்காரங்க மேல வந்திருவாங்க!" என்று அம்மா உள்ளேயிருந்து கத்தினாள்.

"உள்ள இரும்புத் தொப்பி இருக்கு," என்றார் அப்பா, அடிபடாத முனையைத் தடவிக்கொண்டே. "குதிர கால மிதிச்சாக்கூட விரலு இருக்கும்."

எனக்கும் அது சரியாகவே பட்டது. அவ்வளவு பெரிய மிருகம். என் கால் அதன் குளம்புக்குப் பக்கத்தில். அவர் வேலை செய்யும் இடத்தில் ஆபத்து என்பது மேலேயிருந்து காலில் விழுவது. அங்கே யாரும் காலை எதிலிருந்தும் உருவ வேண்டியதில்லை.

சனிக்கிழமை காலை லாயத்தில் குதிரை மேல் உட்கார்ந்து, முதல்முறையாக வளையத்தில் கால் வைத்தேன். ஷூவின் முன்பகுதி லேசாகத் திணித்த பிறகுதான் உள்ளே போனது. போனதும் கெட்டியாக நின்றது. ஆஹா, என்ன பிடிமானம் என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன்.

"கால உருவு," என்றார் பயிற்சியாளர்.

இழுத்தேன். வளையமும் கூட வந்தது. திருப்பினேன். அடியிலிருந்த பள்ளத்தில் இரும்பு விளிம்பு பல் மாதிரி கடித்துக்கொண்டிருந்தது. குதிரை சும்மா ஓர் அடி எடுத்து வைத்தது. என் உடம்பு முழுக்க அந்தக் காலுக்கே போய்விட்டது போலிருந்தது.

அவர் கையால் முறுக்கி விடுவித்தார். "பூட்ஸா இது, லாரி டயரா? ரெண்டு பக்கமும் ஒரு வெரலு கேப்பு இருக்கணும்மா. அடி வழவழன்னு இருக்கணும். இத்த போட்டுகினு நாளைக்கி வராத."

நாளை ஞாயிறு. அப்பா வரும் நாள்.

பூந்தமல்லி வழியாக ஸ்கூட்டரில் திரும்பும்போது எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். 'அப்பா, ஷூ சரியில்ல.' அவ்வளவுதான். ஆனால் அதைச் சொன்னால் அவர் தேடிக்கொண்டிருக்கும் குறையை நானே எடுத்துக் கையில் கொடுத்த மாதிரி. வீட்டுக்கு வந்தால், நான் வாசலில் கழற்றி வைத்த ஷூவை எடுத்து மணலைத் தட்டி, துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "கால் கடிக்கா?" என்று கேட்டார். "இல்லப்பா," என்றேன். அதற்குப் பிறகு சொல்ல வாய் வரவில்லை. பேசாமல் அதையே போட்டுக்கொள்வது, காலைப் பாதிதான் நுழைப்பது, ஒரே ஒரு நாளைச் சமாளிப்பது என்று முடிவு செய்தேன். எல்லா வீடியோக்களையும் பார்த்த பிறகும் அப்படித்தான் முடிவு செய்தேன்.

ஞாயிறு முதல் ஆராதனை முடிந்து, வெள்ளைச் சட்டையும் பையில் பைபிளுமாக அப்பா என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வந்தார். லாயத்தில் வேலிக் கட்டைகளை ஆட்டிப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டியருகே ஈரம் இருந்ததைக் கவனித்தார். பயிற்சியாளர் முன்னால் நின்று குதிரையின் தலையைப் பிடித்துக்கொண்டிருக்க, நான் படிக்கட்டுப் பலகையில் ஏறி மேலே உட்கார்ந்துவிட்டேன். முதலில் வலது காலைப் பாதிதான் வளையத்தில் நுழைத்தேன். குதிரை எடை மாற்றி நின்றது. கால் தானாக முழுவதும் உள்ளே போய் இறுகியது.

பயிற்சியாளர் திரும்பிப் பார்த்தார். முகம் மாறியது. குரலைத் தாழ்த்தி, "மறுபடியும் இதாமா?" என்றார்.

"அண்ணா, ப்ளீஸ். எங்கப்பா குடுத்தது. அவரு பாத்துட்டு இருக்காரு. இன்னிக்கு மட்டும்."

"இன்னிக்கு மட்டும்னு குதிரைக்கி சொல்லு நீ. கேக்குதான்னு பாப்போம்."

"என்னாச்சு?" வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அப்பா.

பயிற்சியாளர் என்னையே பார்த்தார். குதிரையின் காது இரண்டும் பின்னால் திரும்பி என் மூச்சைக் கேட்பதுபோல் இருந்தது. காலை இழுத்துப் பார்த்தேன். வரவில்லை.

"அப்பா, ஷூ மாட்டிக்கிச்சு. நேத்தும் மாட்டிச்சு. அண்ணா போடாதன்னு சொன்னாரு. நான் உங்ககிட்ட சொல்லல."

அப்பா வேலிக்குக் கீழே குனிந்து மைதானத்துக்குள் வந்தார். வாழ்க்கையில் குதிரைக்கு அவ்வளவு பக்கத்தில் அவர் நின்றிருக்க மாட்டார். அதன் வயிற்றிலிருந்து உடம்பை ஒதுக்கி, கையை மட்டும் நீட்டி, ஷூவைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. சுத்தியலுக்கு வளையாத முனை அது, வளையத்துக்குமா வளையும்? கடைசியில் லேஸை அவிழ்த்தார். இரண்டு சாக்ஸ் போட்ட என் கால் வெளியே வந்தது. ஷூ வளையத்திலேயே தொங்கியது. அவர் குனிந்து அதன் அடியையும் வளையத்தையும் பார்த்தார்.

"எறங்கு," என்றார்.

முடிந்தது என்று நினைத்தேன். கண்ணீர் வந்துவிடக் கூடாது என்பதற்காக ஹெல்மெட் பட்டையோடு மல்லுக்கட்டினேன். அவரோ பயிற்சியாளரிடம் பேசிக்கொண்டிருந்தார். வளையம் எல்லாம் ஒரே அளவா, கால் எவ்வளவு தூரம் உள்ளே போகணும், குதிகால் எத்தனை உசரம். பதில்களை எல்லாம் கேட்டுவிட்டு, "இந்த வளையம் ஒண்ண கழட்டித் தருவீங்களா? மத்தியானத்துக்குள்ள கொண்டாந்து தாரேன்," என்றார்.

"அத்த எட்துகினு போயி இன்னா சார் பண்ணப் போறீங்க?"

"கடைக்குப் போணும்."

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் ஒரு செருப்புக் கடை. கடைக்காரர், "இன்னா சைஸ் சார்?" என்று கேட்டார். அப்பா பையில் பைபிளுக்கு அருகிலிருந்த இரும்பு வளையத்தை எடுத்துக் கண்ணாடி மேசை மேல் வைத்தார்.

"இந்த சைஸ்."

கடைக்காரர் வளையத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "சார், இதுக்கு நாங்க ஷூ செய்றதில்ல சார்."

ஒவ்வொரு ஷூவையும் நான் போட்டுக்கொண்டு முக்காலியில் உட்கார, அப்பா தரையில் குத்தவைத்து வளையத்தை என் காலில் மாட்டி மாட்டிப் பார்த்தார். பள்ளி ஷூ அகலம். கல்லூரிப் பெண்கள் வாங்கும் பூட்ஸில் குதிகால் ஊசி மாதிரி. ஒன்றில் பக்கிள் துருத்திக்கொண்டிருந்தது. "இது மாட்டும்," என்று தள்ளி வைத்தார். கால் அளவெடுக்க வந்த மற்ற வாடிக்கையாளர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒரு பாட்டியம்மா, "பொண்ணுக்கு கால்ல இன்னா கொற?" என்று கடைக்காரரிடம் பரிவோடு விசாரித்தார். ஆண்கள் பிரிவின் அடித்தட்டில், சின்ன அளவில் ஒன்று கிடைத்தது: கணுக்காலுக்கு மேல் வரும் தோல் ஷூ, அடி வழவழப்பு, பின்னால் ஓர் அங்குலக் குதிகால், லேஸுக்குப் பதில் இரண்டு பக்கமும் எலாஸ்டிக். வளையத்துக்குள் போனது, இரண்டு பக்கமும் விரல் அளவு இடம். உருவினால் வந்தது. அப்பா என்னை நிற்கச் சொல்லி, சாயச் சொல்லி, பத்துப் பன்னிரண்டு தடவை உருவிப் பார்த்தார்.

"சார், தேஞ்சிடும் சார்," என்றார் கடைக்காரர்.

வெளியே வந்து, "அப்போ அடுத்த வாரம்?" என்று கேட்டேன்.

"பாக்கலாம்," என்றார். அதற்கு அவர் அகராதியில் இன்னும் முடிவாகவில்லை என்று பொருள். என்னிடம் மறைத்தாயே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க அது என்னை அரித்தது.

அடுத்த ஞாயிறு அவர் வேலியோரம் நிற்க, நான் புது ஷூவோடு குதிரையை நடையிலிருந்து மெதுவோட்டத்துக்குக் கொண்டுபோனேன். பயிற்சியாளர் நடுவில் குதிரையைக் கட்டிய நீளக் கயிற்றைப் பிடித்தபடி, "முட்டிய இறுக்காத, குதிகால கீழ உடு," என்று கத்திக்கொண்டிருந்தார். மூன்றாவது சுற்றில் பக்கத்துக் கிடங்கின் மதில் மேலாக, பெட்டிகளைச் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று காற்றில் உப்பிக்கொண்டு பறந்து வந்தது. நான் அதைப் பார்ப்பதற்குள் குதிரை பார்த்துவிட்டது. ஒரே தாவலில் பக்கவாட்டில் நகர்ந்தது. எனக்குக் கீழே சேணம் இல்லை.

விழும் நேரம் வீடியோவில் இருப்பதைவிட நீளமானது. அந்த நேரத்தில் தலை, தோள், இடுப்பு எதுவுமே நினைவில் இல்லை. கால், கால், கால் என்று மட்டும் இருந்தது. வலது பாதத்தை எதுவோ வருடிவிட்டுப் போன மாதிரி ஓர் உணர்வு. பிறகு மணல். பிறகு ஹெல்மெட்டுக்குள் 'டொம்' என்று ஒரு சத்தம், கோயில் மணிக்குள் தலையை விட்ட மாதிரி.

கண் திறந்தபோது குதிரை நான்கு அடி தள்ளிப் போய் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. வளையம் காலியாக ஆடிக்கொண்டிருந்தது. அப்பா ஓடி வந்துகொண்டிருந்தார். வேலிக் கட்டையில் வெள்ளைச் சட்டை மாட்டிக் கிழிந்தது, நிற்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் என் கால்களைத்தான் பார்த்தார், இரண்டும் இருக்கின்றனவா என்று எண்ணுகிறவர் மாதிரி.

"எந்திரிக்காத. விரல ஆட்டு."

ஆட்டினேன். பயிற்சியாளர் குனிந்து, "இன்னிக்கி இன்னா கெயம சொல்லு," என்றார்.

"ஞாயித்துக்கிழமை."

"தல சுத்துதா? வாந்தி வர்ற மாறி கீதா?"

"இல்லண்ணா."

மெல்ல உட்கார வைத்தார்கள். இடுப்பில் நாளை வலி தெரியும் என்றார் பயிற்சியாளர். அப்பா என் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கவாட்டில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். அவர் இனிமேல் சொல்லப்போகும் வார்த்தை எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். ஒரு குறை பட்டால் அன்றோடு சரி. இது குறை இல்லையென்றால் வேறு எது?

"இது போச்சு," என்றார்.

"சும்மா கீறல்தான்ப்பா. துடைச்சா போயிடும்."

"ஒரு தடவ அடி வாங்கினது அவ்வளவுதான். வெளிய தெரியாது, உள்ள நொறுங்கிருக்கும். எங்க ஷாப்புலயும் தூரத்தான் போடுவோம்." பிறகு பயிற்சியாளரைப் பார்த்தார். "இதே மாதிரி வேற ஒண்ணு, அடுத்த ஞாயித்துக்குள்ள கிடைக்குமா?"

"கெடைக்கும் சார். ஆனா மொதல்ல ஊட்ல அந்தம்மாகிட்ட சொல்லிடுங்க."

"அது பெரிய வேலதான்," என்றார் அப்பா.

நான் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று இரண்டு வாரம் பயந்துகொண்டிருந்தவள் நான். சொல்லவில்லை. இனி அடுத்த ஞாயிறு வந்தே தீரும், அந்தக் குதிரையும் அங்கேதான் நிற்கும், கிடங்கும் இருக்கும், காற்றும் அடிக்கும். ஒரு கணம் அவர் வேண்டாம் என்று சொல்லியிருக்கக் கூடாதா என்றுகூடத் தோன்றியது. ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன்.

அப்பா அதை வாங்கிக்கொண்டார். "மெதுவா நட," என்றார். "வண்டிய நான் ஓட்டுதேன்."